கொள்ளிட மணலில் ஒரு வட்டம்

எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால், சாப்பிட்டு வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது என் பக்கம் திரும்பி, "கொள்ளிடத்துல உங்க அப்பா தொலைஞ்சு போன கதையைச் சொல்லுங்க" என்பார்கள். நானும் சொல்வேன். பி.ஏ. படித்தவர், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று பிள்ளைகளுக்குத் தானே வீட்டில் பாடம் நடத்தியவர், தன் சின்னப் பையன் ஆற்று மணலில் வைத்த அம்புக்குறியைப் பார்த்து வரத் தெரியாமல் திருமழபாடியில் நடு ஆற்றில் உட்கார்ந்திருந்தார் என்று முடிக்கும்போது கூட்டம் சிரிக்கும். அப்பா இருந்தவரை அவரும் கூட உட்கார்ந்து சிரிப்பார். அவருடைய காரியத்துக்கு வந்தவர்களிடம்கூட நான் இதைச் சொன்னேன். துக்க வீட்டில் எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்று நினைத்தேன்.

நான் சொல்லிவந்த கதையில் ஒரு பகுதியை எப்போதும் விட்டுவிடுவேன். இன்னொரு பகுதி எனக்கே தெரியாது. அது போன மாதம்தான் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து இப்போது எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். செம்மண், முந்திரி, நடுவில் கடலை. அப்பா திருச்சியில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, உத்தியோகம் எதற்கும் போகாமல் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாத்தியாரிடம், "இனிமே பையன் வரமாட்டான்ங்க" என்று சொன்னார். அப்படியே என்னைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்.

ஊருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. வாத்தியாரைவிடத் தான் பெரிய ஆள் என்று காட்டுகிறார் என்றார்கள் சிலர். படிப்பு முற்றிப் போய்விட்டது என்றார்கள் சிலர். பெரியப்பா ஒருவர்தான் நேரிலேயே சொல்வார்: "என் தம்பி வூட்டுலயே காலேஜ் வச்சுட்டான்டா. மொத மணி அடிச்சா பழைய சோறு, ரெண்டாம் மணி அடிச்சா மோரு." அப்பா எதையும் மறுத்துப் பேசியதில்லை. "எம் புள்ளைக்கு நான் சொல்லிக் குடுக்கறேன், இதுல யாருக்கு என்ன நட்டம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதைக் கேட்டால் யாருக்கும் திமிராகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பாடம் மோசமில்லை. முந்திரி மரங்களுக்கு நடுவில் இடைவெளி அளந்து பெருக்கல் படித்தேன். ஓடைக் கரையில் கல்லாகிப்போன சிப்பிகளைப் பொறுக்கிவந்து, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று படித்தேன். அதை டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும் பையன்களிடம் சொன்னபோது, "அரியலூர்ல கடலாம்டா! கப்பல் எங்க நிக்கும், பஸ் ஸ்டாண்டுலயா?" என்று பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குக் கடலும் வேண்டாம், சிப்பியும் வேண்டாம் என்றாகிவிட்டது. வெள்ளைச் சட்டை, காக்கி அரைக்கால்சட்டை, தோளில் பை, பஸ்ஸில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அப்பா அதைக் கவனித்திருக்க வேண்டும். அரியலூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சனிக்கிழமைதோறும் சாரணர் பயிற்சி நடக்கும். வெளிப் பையன்களையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போனார். பயிற்சி கொடுத்தவர் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நாங்கள் அவரைச் 'சார்' என்றே சொல்வோம். மீசையும் விசிலுமாக வந்தவர், என் முன்னால் நின்று இடது கையை நீட்டினார்.

நான் பயந்துபோய் வலது கையைக் கொடுத்தேன். வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள்.

"ஸ்கவுட்டுன்னா எடது கைதான்டா குடுக்கணும். உலகம் பூரா அப்படித்தான்" என்றார் சார்.

இடது கையை நீட்டினேன். எனக்கு எல்லாமே இடது கைதான். எழுதுவது, எறிவது, பம்பரம் விடுவது எல்லாம். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் ரூல்தடியால் அந்தக் கை முட்டியில்தான் அடிப்பார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட அதைத் தொடைக்கடியில் செருகி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. வீட்டுப் படிப்பு தொடங்கியபின் அந்த அடி எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. பள்ளிக்கூடம் இல்லை என்பது மட்டும் மறக்கவில்லை.

அன்று மைதானத்தில் எல்லாப் பையன்களும் ஒவ்வொருவராக வந்து என் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பா வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, "கருமம், எடது கையையா நீட்டுவாங்க? அதுக்கு பஸ்ஸுக்கு வேற காசா?" என்றாள். அப்பாவுக்கு அன்றைக்கு நல்ல உற்சாகம். அம்மாவிடமும் இடது கையை நீட்டிக் காட்டி, கரண்டியால் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருடம் போலப் போனேன். ஒருநாள் சார் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பையன் கெட்டிக்காரனாக இருக்கிறான், ஜூனில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடலாம், மதிப்பெண் ஒன்றும் இல்லாத பையனைச் சேர்க்கத் தலைமையாசிரியர் யோசிப்பார், கோடை முகாமில் தடம் வைக்கும் தேர்வில் தேறட்டும், அதைச் சொல்லி நான் வாங்கித் தருகிறேன் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "அவனுக்கு எது வேணுமோ முகாம் முடிஞ்சு அவனே சொல்லட்டுங்க" என்றார்.

எனக்கு அதற்கப்புறம் தூக்கமில்லை. அந்தத் தேர்வு என்பது அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்.

தேர்வு இப்படி. பையன் முன்னால் போய்க் கற்களால் குறி வைத்துக்கொண்டே போக வேண்டும். அம்புக்குறி என்றால் இந்த வழியே வா. பெருக்கல் குறி என்றால் இந்த வழி இல்லை. கடைசியில் கற்களை வட்டமாக வைத்து நடுவில் ஒரு கல். 'தடம் முடிந்தது, நான் வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அதற்கு அர்த்தம். பின்னால் வருகிறவர் குறிகளை மட்டும் பார்த்து அந்த வட்டத்துக்கு வந்து சேர வேண்டும். எங்கள் சார் இதில் தன் பங்குக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். பின்னால் வருகிறவர் சாரணராக இருக்கக் கூடாது. ஒன்றும் தெரியாத ஒருவருக்கு நீயே சொல்லிக் கொடுத்து, அவரை வரவழைக்க வேண்டும் என்பார்.

நான் அப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். வேறு யாரும் எனக்கு வரமாட்டார்கள்.

அது முந்திரி பொறுக்கும் காலம். களத்தில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கொட்டைகளையே எடுத்து அம்பும் வட்டமுமாக வைத்து அவருக்குப் பாடம் நடத்தினேன். குந்தி உட்கார்ந்து, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, நல்ல மாணவனாகக் கேட்டார்.

"வழியில குறியே காணலன்னா என்னங்க சார் பண்றது?" என்றார் என்னைப் பார்த்து.

"கடைசியா பாத்த குறிகிட்டயே நிக்கணும். நகரக் கூடாது. தேடி வருவாங்க."

"எவ்ளோ நேரம்?"

"வர்ற வரைக்கும்."

"இந்த வட்டம் இருந்தா?"

"அப்போ தேட வேணாம். அவன் வூட்டுக்குப் போயிட்டான்னு அர்த்தம்."

அவர் ஒரு வட்டம் வைத்துக் காட்டினார். நான் வைத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு முட்டை மாதிரி ஆகிவிடும். அவர் வைத்தது தட்டைக் கவிழ்த்து வரைந்தது போல் இருந்தது.

அம்மாவுக்கு எரிச்சல். "கொட்டை பொறுக்க ஆள் கெடைக்காம நான் அல்லாடறேன், இவரு ஆத்துல கல்லு பொறுக்கப் போறாராம். போறவரு இவளையும் இட்டுக்கிட்டுப் போங்க" என்று தங்கையையும் அனுப்பிவிட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயதோ ஆறோ. ஆக எங்கள் முகாமுக்கு நானும், அப்பாவும், அப்பாவின் தோளில் தங்கையும் போய்ச் சேர்ந்தோம்.

திருமழபாடியில் கோயிலுக்கு அப்பால் ஆற்றங்கரைத் தோப்பில் முகாம். கோடையாதலால் கொள்ளிடம் முழுக்க மணல். நடுவில் கணுக்கால் அளவுக்கு ஒரு ஓட்டம், அதற்கு அந்தப் பக்கம் நாணல் முளைத்த திட்டுகள். முதல் நாளே பையன்கள் அப்பாவுக்கு 'வூட்டு ஹெட்மாஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் தங்கைக்குத் தலை வாரிவிடுவதைப் பார்த்து, "ஹெட்மாஸ்டரு, ஒண்ணாப்புக்கு ஜடை போடறாருடோய்" என்றார்கள். நான் அவருக்குக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

தேர்வு அடுத்த நாள் காலை. குறி வைக்கும்போது என்னோடு எங்கள் அணித் தலைவனும் இன்னொரு பையனும் வந்தார்கள். அணித் தலைவன் என்னைவிடப் பெரியவன், மீசை அரும்பியவன். அவன் என் தோளில் கை போட்டால் அன்று முழுக்க எனக்குத் தோள் கனமாகவே இருக்கும். துறையிலிருந்து தொடங்கி மருதமரத்தடியில் முடிப்பதாகத்தான் திட்டம். பாதி வழியில் அவன் சொன்னான்:

"டேய், இதை அப்படியே தண்ணிக்கு அந்தாண்ட இழுத்துட்டுப் போயி நடுவுல வுட்டுடு. உங்கப்பா ஆத்தைச் சுத்தி வரட்டும். அவருதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே."

"சார் திட்டுவாரு."

"மாடு கலைச்சுடுச்சுன்னு சொல்லு. பயமா இருந்தா வேணாம். வூட்டுப் பையன்தான நீ."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அம்புகளைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் திருப்பினேன். நாணல் திட்டுக்கு முன்னால் கடைசி அம்பை வைத்தேன். வட்டம் வைக்கவில்லை. மூவரும் நாணலுக்குள் பதுங்கிக்கொண்டோம்.

அப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறியிலும் நின்று, குனிந்து பார்த்து, தங்கைக்கும் விரலால் காட்டிவிட்டு வந்தார். தண்ணீரைக் கடந்தார். கடைசி அம்புக்கு வந்து, அது காட்டிய பக்கம் பார்த்தார். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து அந்த அம்பின் பக்கத்தில் நின்றார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு நாணலின் மறுபக்கமாக ஓடி, சுற்றிக்கொண்டு முகாமுக்கு வந்துவிட்டோம்.

கதை சொல்லும்போது நான் எப்போதும் விட்டுவிடும் பகுதி இதுதான்.

முகாமில் காய் நறுக்கினோம், கபடி ஆடினோம். வெயில் ஏறியது. சாப்பாட்டு விசில் ஊதும் நேரத்தில் சார், "உங்கப்பா இன்னும் வரலையாடா?" என்று கேட்டார்.

"வரலைங்க சார்."

"சரி வா. உன் குறியெல்லாம் நானே பாத்துட்டு வந்துடறேன்."

அப்போதுதான் எனக்குத் தலையில் உறைத்தது. வட்டம் இல்லை. வட்டம் இல்லையென்றால் தேர்வு இல்லை, ஜூன் இல்லை, வெள்ளைச் சட்டை இல்லை. சார் முன்னால் நடக்க, பையன்கள் வேடிக்கை பார்க்கப் பின்னால் வர, காலைச் சுட்ட மணலில் நான் இதை நினைத்துக்கொண்டேதான் போனேன். தங்கை அந்த வெயிலில் இருக்கிறாள் என்பது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. இதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

ஒவ்வொரு குறியாகப் பார்த்துச் சார் தலையாட்டிக்கொண்டே வந்தார். தண்ணீரைக் கடந்தோம். கடைசி அம்பு. அதற்குச் சற்று அப்பால், நாணலின் ஓரத்தில், ஒரு வட்டம். நடுவில் ஒரு கல்.

நான் நின்றுவிட்டேன்.

அப்பா பக்கத்திலேயே நாணலின் கொஞ்ச நிழலில் உட்கார்ந்திருந்தார். மணலில் ஊற்றுப் பறித்து, துண்டை நனைத்துத் தங்கையின் தலையில் போட்டிருந்தார். முழங்கை வரை ஈர மணல். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்னங்க, இங்கயே உக்காந்துட்டீங்க?" என்றார் சார்.

"பையன் சரியாத்தாங்க வச்சிருக்கான். நான்தான் முடிவுக் குறியைப் பாக்காம வுட்டுட்டேன். குறி தெரியலன்னா நின்ன எடத்துலயே நிக்கணும்னு சொல்லிக் குடுத்திருந்தான். அதான் நின்னுட்டேன்."

"கண்ணு முன்னாடிதான இருக்கு வட்டம்?"

"வெயில்ல கண்ணு கூசிடுச்சுங்க."

பையன்கள் வெடித்துச் சிரித்தார்கள். "ஹெட்மாஸ்டரு பெயில்டோய்!" என்று ஒருவன் கத்தினான். சாரே சிரிப்பை அடக்க முடியாமல் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு வட்டத்தைக் குனிந்து பார்த்து, "என்னா நேர்த்தியா வச்சிருக்கான் பாரு" என்று என் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். தேறிவிட்டேன்.

தங்கை என் சட்டையை இழுத்தாள். "வட்டம் நல்லாருக்குல்லண்ணே?" என்றாள். சின்னப் பெண் ஏதோ உளறுகிறாள் என்று கையை உதறிவிட்டேன்.

திரும்பி வரும்போது அணித் தலைவனிடம் மெல்லக் கேட்டேன், "வட்டம் நீங்களா வச்சீங்க?" அவன் கண்ணைச் சிமிட்டினான். என்னைக் காப்பாற்ற இடையில் ஓடிப்போய் வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று முடிவு செய்துகொண்டேன். பெருந்தன்மை என்ற சொல்லை எங்கே படித்தாலும் பல வருடம் எனக்கு அவன் முகம்தான் வரும்.

ஊருக்குத் திரும்பும் வழியில், திருமானூரில் பஸ் மாறக் காத்திருந்தபோது அப்பா கேட்டார், "பள்ளிக்கூடத்துக்கே போறியாடா?" அவர் முடிப்பதற்குள் "போறேங்கப்பா" என்றேன். சரி என்றார். ஆளுக்கொரு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை.

என் மகள் இப்போது பெரம்பலூருக்குப் பக்கத்தில் குரும்பலூரில் இருக்கிறாள். தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறாள். அக்கம்பக்கத்தார் "எந்த ஸ்கூல்ப்பா?" என்று கேட்டால் பேரன் கூச்சமில்லாமல் "எங்க வூடுதான்" என்கிறான். அவள் இதைத் தொடங்கியபோது மிகக் கடுமையாக எதிர்த்தவன் நான். தாத்தா செய்த தவறை நீயும் செய்யாதே என்றேன். அதற்கு ஆதாரமாக இந்தக் கொள்ளிடக் கதையைத்தான் சொல்வேன்.

பேரனைச் சனிக்கிழமைகளில் சாரணர் பயிற்சிக்கு அனுப்புகிறாள். போன மாதம் நானும் தங்கையும் போயிருந்தபோது, அவன் மொட்டை மாடியில் சின்ன வெங்காயத்தைக் கொண்டு அம்பும் வட்டமும் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா. "உன் கொள்ளுத் தாத்தா இந்த வட்டம் தெரியாமத்தான்..." என்று ஆரம்பித்தேன். மகள் துணி மடித்துக்கொண்டே, "இன்னும் எத்தனை வருஷத்துக்குப்பா இதையே சொல்லுவீங்க" என்றாள்.

தங்கை வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அந்த வட்டத்துக்கு நான்தான் கல்லு பொறுக்கிக் குடுத்தேன்."

"எந்த வட்டத்துக்கு?"

"அதாண்ணே, ஆத்துல. ஒரே சைசுல வேணும்னு அப்பா நாலஞ்சு தடவை திருப்பி அனுப்புனாரு. அண்ணன் அவசரத்துல மறந்துட்டான், சார் வந்தா பெயிலாயிடுவான், நாம வச்சிடலாம்னாரு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

"மறந்துட்டேன்னா சொன்னாரு?"

"அப்படித்தான் சொன்னாரு. ஆனா நீங்க மூணு பேரும் நாணல்லேந்து ஓடுனதைப் பாத்தோம். அண்ணே ஓடுதுப்பா, கூப்பிடட்டுமான்னேன். வேணாம், வெளையாடறான், வுடு அப்படின்னாரு."

மகள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். பேரன் மட்டும், "அப்புறம் என்னாச்சு தாத்தா?" என்று கேட்டான். மற்றவை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மூன்றாம் வகுப்பு ரூல்தடி. தொடைக்கடியில் செருகிய கை. பையனை அடிக்கிறார்கள் என்று ஊரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குத் திமிர்க்காரர் என்ற பெயர் வந்திருக்காது. இடக்கைக்காரன் என்ற பெயர் எனக்கு நிலைத்திருக்கும். எத்தனையோ இடம் இருக்க, எல்லோரும் இடது கையைப் பிடித்துக் குலுக்கும் ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். இதையெல்லாம் அவரிடம் கேட்க எனக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தது. அத்தனை வருடமும் அவரை வைத்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முகாமுக்குப் பின் வந்த ஜூனில், முதல் நாள் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டதும் அவர்தான். வாசலில் நின்று, சாரணர் முறையில் இடது கையை நீட்டினார். புதுப் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கவனிக்காதது போல் பையைச் சரிசெய்துகொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

சாயங்காலம் மணி அடித்து வெளியே வந்தபோது, காலையில் விட்ட அதே இடத்தில், சுவரோரம், அவர் நின்றிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து உலர்ந்து உப்புப் பூத்திருந்தது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

"ஏன்ப்பா இங்கயே நிக்கிறீங்க? வூட்டுக்குப் போகலையா?"

"நீதானடா சொல்லிக் குடுத்த" என்றார்.

நான் எதையும் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவு வரவில்லை. பையன்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, அவரோடு வருகிறவன் போலத் தெரியாதபடி, பஸ் ஸ்டாண்டை நோக்கி முன்னால் நடந்தேன்.